ரசமட்டம் வீட்டுக் கதவு

எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு இல்லாமல் பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன.

பழைய மரக்கதவு அடிப்பக்கம் ஊறி, டீயில் நனைத்த பிஸ்கட் போல உதிர ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அதைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே சாத்திவைத்தார். "இனிமே இந்த வீட்ல மரமே கிடையாது. அலுமினியம்தான். ஊறாது, கரையான் தொடாது. நாளைக்கே வந்துடும்" என்றார். அந்த நாளை வரவில்லை. கதவு இருந்த இடத்தில் அம்மா இரண்டு ஆணி அடித்து ஒரு போர்வையைத் தொங்கவிட்டாள்.

போர்வையில் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்பா செருமுவார். அம்மா அப்பாவைத் திட்டுவாள். குளித்து, துவட்டி, வெளியே வரும்வரை ஒரு நாளும் அவளுக்கு விஷயம் தீர்ந்துபோனதில்லை. எனக்குப் பாட வராது. வந்தாலும் பாடமாட்டேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறவள் நான். யோசித்துப் பார்த்துவிட்டுத் தனிம அட்டவணையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஹைட்ரஜனில் தண்ணீரைத் திறந்தால் கால்சியத்துக்குள் முடித்துவிடலாம். பதின்மூன்றாவதாக அலுமினியம் வரும். அந்த இடத்தில் மட்டும் என் குரல் கொஞ்சம் உயரும்.

ஆனாலும் என் குரல் போர்வையைத் தாண்டவில்லை. அம்மா இரண்டு முறை உள்ளே வந்துவிட்டாள். ஒருமுறை, கைகழுவ வந்த பக்கத்து வீட்டுக்காரர் போர்வையில் கை வைத்தார். அப்போது நியானில் இருந்தேன். அங்கிருந்து நேராக ஓர் அலறலுக்குப் போனேன். அது அட்டவணையில் இல்லாதது.

கதவு வராததற்குக் காரணம் அப்பாவுக்குக் கதவைப் பற்றித் தெரியாதது அல்ல. அப்பா கட்டட மேற்பார்வையாளர். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் ஒரு சாண் நீள ரசமட்டத்தைச் செருகியிருப்பார். அதில் குறுக்கே பதித்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி. குமிழி நடுவில் நின்றால் சுவர் நேர். கொஞ்சம் நகர்ந்தாலும் அப்பா இடிக்கச் சொல்லிவிடுவார். வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயரே ரசமட்டம். துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட, "நிலை லேசா சாஞ்சிருக்கே, யாரு கட்டினது?" என்று கேட்டு அம்மாவிடம் இடுப்பில் இடி வாங்கியிருக்கிறார்.

அப்போது அவர் பொறுப்பில் மூன்று மாடி வணிகக் கட்டடம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அதற்கும் அலுமினியக் கதவுகள்தான். தேர்ந்தெடுக்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்குக் கதவைப் பற்றி என்ன தெரியும்? "சயின்ஸ் படிச்ச பொண்ணு கூட இருந்தா கடைக்காரன் கதை விடமாட்டான்" என்றார் அப்பா.

கடையில் சுவரே இல்லாமல் கதவுகள் மட்டும் வரிசையாக நின்றன. ஒன்றைத் திறந்து உள்ளே போனால் அடுத்த கதவின் முன்னால் வந்து நிற்போம். கதவுக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். சட்டையெல்லாம் அலுமினியத் தூள் மினுங்கியது.

"பாங்க் முன்வாசலுக்கு எது சார்?"

"கனமான செக்ஷன். பன்னெண்டு மில்லி கண்ணாடி. கீழ ஃப்ளோர் ஸ்பிரிங். ஒரு நாளைக்கு ஐநூறு பேர் தள்ளுவான். வெறும் கீல் போட்டா ஆறு மாசத்துல கதவு தொங்கிரும்."

"மருந்துக் கடைக்கு?"

"ஸ்லைடிங். வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வச்சா ரோட்ல போறவன் மூக்கு உடையும்."

"உடைஞ்சா அவனே மருந்து வாங்க உள்ள வருவான்ல சார்."

"ஸ்லைடிங்" என்றார் அப்பா, சிரிக்காமல். "மாடி ஆபீஸுக்கு மேல் பாதி கண்ணாடி, கீழ் பாதி ஷீட். மேனேஜர் தூங்குறாரான்னு வெளிய தெரியணும். செருப்பக் கழட்டிட்டு உக்காந்திருக்காரான்னு தெரிய வேண்டாம்."

இப்படியே முப்பத்தொரு கதவுகள். தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார். எனக்கே பெருமையாக இருந்தது. இன்னும் ஒன்றுதானே பாக்கி, ஒரு மிடறில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அப்புறம் உங்க வீட்டு பாத்ரூம் கதவு?" என்றார் கதவுக்காரர்.

அப்பாவின் முகம் மாறியது. பூச்சில்லாத வெறும் அலுமினியத்தைக் காட்டினால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றார். மர நிறம் பூசியதைக் காட்டினால், "அலுமினியத்துக்கு எதுக்கு மர வேஷம்?" என்றார். வெள்ளையில் சோப்புக் கறை தெரியுமாம். மெல்லிய தகடு வாளி இடித்தால் சொட்டையாகிவிடுமாம். கீழே காற்றுப் பட்டை வைத்தது பூச்சிக்கு வாசல் வைத்தது போலவாம். மடக்குக் கதவைப் பார்த்து, "இது கதவா, விசிறியா?" என்றார். பனிக்கண்ணாடி வைத்த ஒன்றைக் காட்டியபோது மட்டும் நான் "வேண்டாம்" என்றேன். அன்று முழுக்க நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

"டிசைன் மெதுவா பாத்துக்கலாம் சார். மொதல்ல நான் வீட்டுக்கு வந்து அளவெடுத்துக்கறேன்."

அப்பா கையிலிருந்த மாதிரிக் கதவைச் சட்டென்று சாத்தினார். "அளவு நானே தர்றேன்."

"அதுக்கில்ல சார், என் பழக்கம் அப்படி. மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளப்பேன். மூலைக்கு மூலை குறுக்கயும் அளப்பேன். அப்புறம்தான் வெட்டுவேன். என் பொண்டாட்டி குடுத்த அளவுக்கே நான் வெட்டினதில்ல."

"நான் யாரு?"

"ரச… சூப்பர்வைசர் சார்."

"அப்புறம் என்ன?"

கதவுக்காரர் முப்பத்தொரு கதவுகளை நினைத்துக்கொண்டு தலையாட்டினார். ஆனாலும் தன் பழக்கத்தை விடவில்லை. அந்த வாரத்தில் இரண்டு முறை அளவு நாடாவோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். முதல் முறை, அம்மாவுக்குத் தலைவலி என்று அப்பா திருப்பி அனுப்பினார். அம்மா அப்போது பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டே சீட்டியடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை, உள்ளே ஆள் இருப்பதாகச் சொன்னார். உள்ளே யாரும் இல்லை. போர்வை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் கதவு, நமக்கு மட்டும் போர்வை" என்றாள் அம்மா. "ஏங்க, உங்களுக்கு என்னதான் பிரச்சினை?"

"அவசரப்பட்டு வாங்குற பொருளா இது? முப்பது வருஷத்துக்கு நிக்கணும்."

"நான் நிக்கணும்ல அதுவரைக்கும்?"

அன்று மாலை அத்தையிடமிருந்து போன் வந்தது. அப்பாவின் அக்கா. கண் பரிசோதனைக்காக வருகிறாள், பத்து நாள் எங்களோடு தங்குவாள். அத்தை எனக்குப் பிடித்தமானவள். ஆனால் அவளுக்குக் காது மந்தம். பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். எங்கள் வீட்டுச் சட்டம் அத்தையிடம் செல்லாது.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் அவருடைய இன்னொரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குளியலறை வாசலுக்குப் போனேன். நானே அளந்து கதவுக்காரருக்குச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். போனில் எப்படிப் பேசுவது என்பதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.

கீழே அளந்தேன். எழுநூற்று அறுபத்திரண்டு மில்லிமீட்டர். மேலே அளந்தேன். எழுநூற்று முப்பத்தெட்டு. தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்து, பரிசோதனைக் கூடத்தில் செய்வதைப் போல மூன்று முறை திரும்ப அளந்தேன். எண்கள் மாறவில்லை. வலதுபக்கச் சுவர் நேராக நின்றது. இடதுபக்கச் சுவர் மேலே போகப் போக, ரகசியம் சொல்ல வருவது போல வாசலுக்குள் சாய்ந்திருந்தது.

நிமிர்ந்தபோது அம்மா பின்னால் நின்றிருந்தாள்.

"அளந்துட்டியா?"

"ம்."

"எவ்வளவு?"

"இருபத்திநாலு மில்லி."

"நான் ஒரு விரக்கடைன்னு நெனச்சேன். சரியாத்தான் இருக்கு."

"உனக்குத் தெரியுமா?"

"டைல்ஸ் ஒட்டும்போதே பாத்தேன். கடைசி வரிசை மேல போகப் போக மெலிஞ்சிட்டே போச்சு. டைல்ஸ்காரன் ஏதோ சொல்ல வந்தான். உங்கப்பா அவனை டீ குடிக்க அனுப்பிட்டாரு."

"அப்பாவுக்கும் தெரியுமா! அப்ப ஏன்மா இடிக்கல? சைட்ல நாலு மில்லிக்கே இடிக்கச் சொல்வாரே."

அம்மா நாடாவை என் கையிலிருந்து வாங்கிச் சுருட்டினாள். "உனக்குக் கதவு வேணுமா, அப்பா வேணுமா?"

இதை அவள் கதவு இருந்த காலத்தில் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன்.

"நீயா எதுவும் சொல்லிடாத" என்றாள் அம்மா. வாயை மூடிக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் அவளிடமிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை.

அத்தை வெள்ளிக்கிழமை வந்தாள். அன்று மாலை நான் வேலையிலிருந்து வந்து குளிக்கப் போனேன். என்னால் முடிந்த அளவு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோடியத்தில் போர்வை விலகியது.

"அட, நீயா?" என்றாள் அத்தை. "குளி, குளி."

போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கண்ணும் சரியாகத் தெரியாததால் அவளுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. வாசலில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"வேலையெல்லாம் எப்படிம்மா போகுது?"

நான் வாளிக்குப் பின்னால் குந்தியிருந்தேன். "நல்லா போகுது அத்தை."

"என்னது?"

"நல்லா போகுது!"

"கொஞ்சம் சத்தமா பேசினா என்ன? சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான் நீ, முணுமுணுன்னு" என்று சொல்லி, என் மேலதிகாரி எப்படிப்பட்டவர், மதியம் எங்கே சாப்பிடுகிறேன் என்பதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் போனாள்.

தலைகூடத் துவட்டாமல் அப்பாவின் முன்னால் போய் நின்றேன். "அப்பா, கதவு" என்றேன். அதற்கு முன்பு நான் வீட்டில் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். போனை எடுத்தார். "வெள்ளைக் கலர். அகலம் எழுநூத்தி அம்பது. உயரம் ரெண்டாயிரம். வாசல் அளவு இதான், நிலையையும் சேர்த்து. வந்து அளக்கவெல்லாம் வேணாம்யா, நான் சொல்றேன்ல?" என்றார்.

எழுநூற்று முப்பத்தெட்டுக்கும் எழுநூற்று அறுபத்திரண்டுக்கும் சராசரி எழுநூற்று ஐம்பது. சராசரி எடுப்பது ஆய்வுகளில் நல்ல வழக்கம். கதவுகளில் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு வந்தது. அழகான கதவு. நாலு மூலையும் கச்சிதம். கதவுக்காரர் போர்வையை எடுத்து மரியாதையாக மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நிலையைத் தூக்கி வாசலில் வைத்தார். கீழே உள்ளே போனது. மேலே போகவில்லை. இடது மேல் மூலை சுவரில் முட்டி நின்றது. இடது கீழ் மூலையில் விரல் நுழையும் இடைவெளி. கதவுக்காரர் நிலையை எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். பிறகு மேலே கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்னய்யா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல சார்."

"வெயில்ல வச்சு எடுத்துட்டு வந்தியா?"

"வண்டியிலதான் சார்…"

"அதான். அலுமினியம் வெயில்ல விரிஞ்சிருக்கு. நிழல்ல வச்சா சரியாயிடும்." அப்பா என் பக்கம் திரும்பினார். "சயின்ஸ் படிச்சவதானே, சொல்லும்மா. அலுமினியம் சூட்டுல விரியுமா, விரியாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகியது.

"விரியும்பா."

"பாத்தியா?"

"எவ்வளவு விரியும் தங்கச்சி?" என்றார் கதவுக்காரர், கூரையைப் பார்த்தபடியே.

"கால் மில்லி" என்றேன்.

முட்டிக்கொண்டிருந்தது பன்னிரண்டு மில்லி. மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அகலத்தில் அவ்வளவு விரிய வேண்டுமென்றால் ஏறத்தாழ எழுநூறு டிகிரி சூடேற வேண்டும். அலுமினியம் அறுநூற்று அறுபதிலேயே உருகிவிடும். கதவுக்காரர் கதவை ஒரு குடத்தில்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். இதை நான் சொல்லவில்லை.

கதவை நிழலில் வைத்தோம். அம்மா டீ போட்டாள். குடித்து முடித்து மறுபடி வைத்துப் பார்த்தார்கள். அதே இடத்தில் முட்டியது.

"இங்க ஒரு உளி வச்சு லேசா செதுக்கிவிட்டு, கீழ கொஞ்சம் பூசிட்டோம்னா…" என்று கதவுக்காரர் இழுத்தார்.

"என் வீட்டுச் சுவத்துல உளி வைக்கக்கூடாது."

"சரிங்க சார்."

இவ்வளவு நேரமும் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை எழுந்து வந்தாள். "என்னடா நடக்குது? கதவு கோணலா, சுவர் கோணலா?" என்று கேட்டாள். வீட்டில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அப்பா பதில் சொல்வதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை உருவி இடதுபக்கச் சுவரில் செங்குத்தாக வைத்துவிட்டாள். "எனக்குக் கண்ணு தெரியல. நீ பாரும்மா, குமிழி எங்க நிக்குது?"

பார்த்தேன். குமிழி குழாயின் ஒரு முனையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். அம்மா எங்கோ பார்த்தாள். மறைத்தால், இந்த வாசலில் நாளைக்கும் நான் சோடியம் சொல்ல வேண்டியிருக்கும்.

"ஓரத்துல" என்றேன்.

"எங்க?"

"ஓரத்துல நிக்குது அத்தை!"

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"அப்ப சுவர்தான் கோணல்" என்றாள் அத்தை. "ஊர்ச் சுவத்தையெல்லாம் இடிக்கிற, உன் வீட்ல இத எப்படிடா விட்ட?"

அப்பா செருமிவிட்டு அவள் காதருகே குனிந்தார். "அது… கொத்தனார் வேலைக்கா. அப்ப கவனிக்காம விட்டுட்டேன்."

"எந்தக் கொத்தனார்? இப்ப உன் சைட்ல இருக்காரே, அவரா? அவர்தானே இந்த வீட்டைக் கட்டினாரு? போன் போடு."

"பாவம்க்கா அவரு. விடு."

"ஏங்க, கேட்டுடலாமே" என்றாள் அம்மா. அதற்குள் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அப்பாவின் கையிலேயே வைத்துவிட்டாள். பிறகு ஒதுங்கி நின்று போர்வையை இன்னும் சிறியதாக மடிக்க ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க சார்" என்றார் கொத்தனார்.

அப்பா வாயைத் திறக்குமுன் அத்தை போனோடு காதை ஒட்டிக்கொண்டு கத்தினாள். "ஏங்க, நீங்க கட்டின குளிக்கிற ரூம் சுவரு ஒரு விரக்கடை சாஞ்சிருக்கே!"

"நான் கட்டினதா? ஒரு விரக்கடையா?" என்றார் கொத்தனார். "சார் பாத்தாரா?"

"அவன் ரசமட்டம் வச்சே பாத்தாச்சு!"

"அப்ப சரியாத்தாங்க இருக்கும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்ப எங்க வீட்ல பிரசவ நேரம்மா. மனசு ஒரு நிலையில இல்ல. எந்தச் சுவத்த எப்படிக் கட்டினேன்னே ஞாபகம் வரல. மன்னிச்சிருங்க சார். சாயந்திரமே உளியோட வந்து சரி பண்ணிடறேன்."

"பரவால்ல கொத்தனாரே…" என்றார் அப்பா.

"இல்ல சார், இன்னொண்ணு. அந்த பாங்க் முன்வாசல் சுவர வேற யாருக்காவது குடுத்துருங்க. உங்க வீட்டுச் சுவத்துலயே கை இப்படிப் போயிருக்குன்னா, மத்ததெல்லாம் எப்படின்னு தெரியல. என் கைமட்டம் நல்லா இருக்குன்னு இத்தன வருஷமா நானா நெனச்சிட்டு இருந்திருக்கேன்."

"ஐயையோ, பாங்க் வாசல அவர் கட்டலன்னா நான் எங்க சார் ஃப்ளோர் ஸ்பிரிங்கப் பதிக்கிறது?" என்று கதவுக்காரர் என்னிடம் கிசுகிசுத்தார். என்னை ஏன் சார் என்றார் என்று தெரியவில்லை.

அப்பா போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அத்தை இன்னும் எடுக்காமல் பிடித்திருந்த ரசமட்டத்தில் குமிழி அதே முனையில் இருந்தது. அப்பாவின் கழுத்து சிவந்திருந்தது. எனக்கு வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னபோதெல்லாம் அப்படி ஆகியிருக்கிறது.

"கொத்தனாரே" என்றார் மெதுவாக. "பிரசவத்துக்குன்னு நீங்க ஊருக்குப் போனீங்கல்ல, கிளம்புற வரைக்கும் இந்தச் சுவர் ஆரம்பிக்கவே இல்ல."

"அப்படியா சார்?"

"நீங்க திரும்பி வந்தப்ப முடிஞ்சிருந்தது. வேற ஆள வச்சு முடிச்சிட்டேன்னு சொன்னேன்."

"ஆமா சார்! இப்ப ஞாபகம் வருது. யாரு சார் அந்த ஆளு? எங்கூடவா வேலை பாத்தான்?"

அப்பா ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அம்மா போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

"என்னடா சொல்ற?" என்றாள் அத்தை. "உன் பொண்ணு மாதிரியே முணுமுணுக்காத. சத்தமா சொல்லு, யாரு அந்த ஆளு?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"நான்தான்க்கா! அந்தச் சுவத்தக் கட்டினது நான்தான்!"